வயதான குதிரைக்குக் கால் பிடித்துக்கொண்டால்: அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழி

சவுக்கார்பேட்டை கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் குதிரை, ராயபுரம் பக்கம் சாரட்டு இழுக்கும் குதிரை, கிண்டியில் ஓடி முடித்துக் கைமாறிக் கைமாறி வடசென்னைக்கு வந்து சேர்ந்த பழைய பந்தயக் குதிரை. மூன்றும் 15 வயதைத் தாண்டினால் வைத்திருப்பவர் சொல்வது ஒன்றாகத்தான் இருக்கும்: "காலைல பாத்தா கட்டையா நிக்குதுண்ணே." அதற்கு எங்கள் பக்கத்தில் வரும் பதிலும் ஒன்றுதான்: "ஒரு ஊசி போட்டா ஓடிடும்."

ஓடிவிடும், அதில் சந்தேகமே இல்லை. வலி மறைந்த குதிரை அன்று சாயங்காலமே வண்டியில் பூட்டப்படும், அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது. கால் பிடிப்புக்குக் குறைந்தது ஏழெட்டுக் காரணம் உண்டு. ஒன்றுக்கு நடக்க விட வேண்டும், இன்னொன்றுக்கு ஓர் அடி கூட நடக்க விடக் கூடாது. ஒன்றுக்கு ஐஸ், இன்னொன்றுக்கு வெந்நீர். பிடிப்பு எப்போது வருகிறது, எப்போது விடுகிறது, எந்தக் காலில் என்று பார்த்துவிட்டால் டாக்டரிடம் போவதற்குள் பாதி விஷயம் தெரிந்துவிடும். அதற்காகத்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

ஊசிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

குதிரையை வெளியே இழுக்காமல், கட்டிய இடத்திலேயே ஆரம்பியுங்கள். வெயில் ஏறுவதற்கு முன், ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பாருங்கள். வளர்ந்த குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். சும்மா நிற்கும் குதிரைக்கு 60 அடித்தால் அது சாதாரணப் பிடிப்பு இல்லை.

அடுத்தது கால் நாடி. இதைக் கற்றுக்கொள்ளாமல் வயதான குதிரையை வைத்திருக்கவே கூடாது என்பேன். குளம்புக்கு மேலே உள்ள கணுவின் பின்புறம் குந்தி உட்காருங்கள். கட்டைவிரலை ஒரு ஓரத்திலும் நடுவிரலை மறு ஓரத்திலும் வைத்து லேசாக அழுத்தினால் தோலுக்கு அடியில் கயிறு போல ஒரு கட்டு உருளும். ரத்தக்குழாய் அதற்குள்தான் ஓடுகிறது. ரொம்ப அழுத்தினால் நாடி நின்றுவிடும், விட்டால் தெரியாது. நல்ல காலில் அதைக் கண்டுபிடிக்கவே நேரமாகும். "ஒண்ணுமே தெரியலையே" என்று அலுத்துக்கொண்டால் சந்தோஷப்படுங்கள். விரலைத் தூக்கி அடிக்கிற மாதிரி துடித்தால் குளம்புக்குள் ஏதோ நடக்கிறது. நாலு காலையும் பாருங்கள், குதிரை நன்றாக இருக்கும் நாளிலும் பாருங்கள். அப்போதுதான் வித்தியாசம் புரியும்.

அப்புறம் போனை எடுத்து, காலையில் அது வைக்கும் முதல் அடிகளை வீடியோ எடுங்கள். முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து, இரண்டு பக்கமும் திருப்பி. டாக்டர் வரும் நேரத்தில் குதிரை பத்து முறை நடந்து, பிடிப்பு விட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். முன்னங்கால் வலி என்றால் தலையைக் கவனியுங்கள். வலிக்கிற கால் ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் இடுப்பின் இரண்டு மேட்டையும் பாருங்கள், வலிக்கிற பக்கம் அதிகமாக ஏறி இறங்கும். தார் ரோட்டில் லாடச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். நாலு தட்டும் சமமாக விழவில்லை என்றால் காது முதலில் கண்டுபிடிக்கும்.

காலையில் இறுக்கம், நடக்க நடக்க விடுகிறது

வயதான குதிரையில் பெரும்பாலும் பார்ப்பது இதுதான்: மூட்டுத் தேய்மானம். இரவு முழுக்க நின்ற பிறகு முதல் அடிகள் குறுகலாக வரும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தளரும், நீண்ட வேலைக்கு மறுநாள் மறுபடி கூடும். காய்ச்சல் இருக்காது. குளம்பில் சூடு இருக்காது. முன்னங்கால் முட்டி, கணு, பின்னங்காலின் நடு மூட்டு ஆகியவைதான் அதிகம் அடிவாங்குகின்றன.

பின்னங்காலில் இரண்டு பக்கமும் ஒரே அளவு வலித்தால் நொண்டலே தெரியாது. "வயசாச்சு, சோம்பேறி ஆயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். பின்குளம்பின் முன்நுனியைப் பாருங்கள், லாடமும் நகமும் அங்கே மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் அது காலைத் தூக்காமல் இழுத்து நடக்கிறது. லாடம் அடிக்கும் பாய் வரும்போது ஒரு பின்னங்காலைக் கொடுக்க மாட்டேன் என்று பிடுங்கினால், அதுவும் திமிர் இல்லை. மடக்கினால் அந்த மூட்டு வலிக்கிறது, அல்லது முழுப் பாரத்தையும் தாங்க வேண்டிய மறு கால் வலிக்கிறது. காலை உயரத் தூக்காமல் தரைக்குப் பக்கத்திலேயே பிடித்து, நடுநடுவே கீழே விட்டு வேலை செய்யச் சொல்லுங்கள். அவசரக்கார லாடக்காரர் இதற்கு ஒத்துவர மாட்டார், வேறு ஆளைப் பாருங்கள்.

தேய்ந்த மூட்டு பழையபடி ஆகாது, வலியோடு அது எவ்வளவு வசதியாக வாழ்கிறது என்பதுதான் நம் கையில் இருக்கிறது. அதில் முதல் மருந்து நடை. இந்த வகைக்கு நாள் முழுக்கக் கட்டிவைப்பதுதான் விஷம். ஊர்வலம் இல்லாத நாளிலும் காலை, மாலை இரண்டு வேளையும் 15, 20 நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள். நம் பக்கத்துக் கஷ்டம் எனக்கும் தெரியும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரம் பெரும்பகுதி பாறாங்கல் கொட்டிய கரை, ஈர மணலில் நடத்த இடம் கிடைப்பது அபூர்வம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை. விடியற்காலையில் உள் தெருவில் நடத்துவதுதான் வழி. ஈரமாக இறுகிய மணல் கிடைத்தால் நல்லது, கால் புதையும் காய்ந்த மணல் வேண்டாம், தசைநாரை இழுத்துவிடும்.

வேலைக்குப் பூட்டுவதற்கு முன்பும் 15 நிமிடம் வெறும் நடை. பாலத்து ஏற்றம் பின்னங்காலைச் சோதிக்கும், இறக்கம் முன்னங்காலைச் சோதிக்கும். பேசின் பிரிட்ஜ் மேம்பாலம் வழியாகப் போகாமல் சுற்றிப் போனால் அரை மணி கூடும், போகட்டும்.

குளம்பு 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவப்பட வேண்டும். முன்நுனி நீண்டுவிட்டால் ஒவ்வொரு அடியிலும் மூட்டு கூடுதலாக மடங்கித் திரும்ப வேண்டியிருக்கிறது. எந்த மருந்தும் தராத நிம்மதியைச் சரியான சீவல் தருவதைப் பார்த்திருக்கிறேன். சிமென்ட் தரையில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் வைக்கோலோ மரத்தூளோ கனமாகப் போடுங்கள். எடையும் முக்கியம். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்ட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. தொப்பை போட்ட கிழக் குதிரைக்கு 20 கிலோ குறைத்தாலே நடை மாறும்.

விளக்கெண்ணெய் தடவுவது, நொச்சி இலை ஒத்தடம் எல்லாம் தசைப் பிடிப்புக்குச் சுகம் தரும், தடையில்லை. வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டில் மட்டும் சூடு ஒத்தடம் வேண்டாம். குளுக்கோசமைன் பொடி விலைக்கு ஏற்ற பலன் தரும் என்று நான் நம்பவில்லை. அந்தக் காசில் லாடக்காரரை நேரத்துக்கு வரவழைக்கலாம். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூட்டின் மேல் கோடு கோடாகச் சூடு வைக்கும் பழக்கம் இன்னும் சில லாயங்களில் இருக்கிறது. அது குணமாக்குவதில்லை. ஏற்கெனவே வலிக்கிற இடத்தில் இன்னொரு வலியைச் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்கிறது, திரும்ப மறுக்கிறது

முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பாரம் முழுவதையும் பின்னால் தள்ளி, சூட்டுத் தரையில் நிற்பது போல மாற்றி மாற்றிக் கால் வைக்கிறதா? திருப்பினால் நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்கிறதா? கால் நாடி துள்ளுகிறதா? இது லாமினைட்டிஸ். குளம்பின் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய அடுக்குகள் அழன்று விட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டன. விட்டால் எலும்பே கீழ்நோக்கித் திரும்பிவிடும். மணிக் கணக்கில் முடிவு மாறும் அவசரம் இது.

நடத்தாதீர்கள். "நடந்தா விட்டுடும்" என்ற பேச்சு மேலே சொன்ன தேய்மானத்துக்குப் பொருந்தும், இங்கே ஒவ்வொரு அடியும் சேதம். தீவனத்தில் கொள்ளு, தவிடு, வெல்லம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உலர்ந்த புல், தண்ணீர் மட்டும் வையுங்கள். டாக்டரைக் கூப்பிட்ட கையோடு ஐஸுக்கு ஆள் அனுப்புங்கள். இந்த ஒரு விஷயத்தில் வடசென்னை மாதிரி வசதி வேறு எங்கும் கிடையாது. காசிமேட்டில் விடியுமுன்பே மீனுக்காக ஐஸ் உடைத்துக்கொண்டிருப்பார்கள். குளம்பிலிருந்து முட்டிக்குச் சற்றுக் கீழே வரை காலை ஐஸும் தண்ணீரும் கலந்த ஆழமான வாளியிலோ கனமான பிளாஸ்டிக் பையிலோ வைக்க வேண்டும். பத்து நிமிடம் ஒத்தி எடுப்பதால் பயனில்லை. 48 முதல் 72 மணி நேரம் விடாமல், உருக உருக நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், ஆள் மாற்றி ஆள் உட்கார வேண்டும். ஆரம்பத்தில் செய்தால்தான் பலன் அதிகம். நிற்கும் இடத்தில் வைக்கோலை முழங்கால் அளவுக்குக் குவியுங்கள். தடித்த தெர்மாகோல் பலகையைக் குளம்பளவு வெட்டி அடியில் டேப் சுற்றிக் கட்டினால் உள்ளங்குளம்புக்குத் தாங்கல் கிடைக்கும், நசுங்கியதும் மாற்றுங்கள்.

ஏன் வந்தது என்று பார்த்தால், மூட்டையை அவிழ்த்துத் தானியத்தை முழுக்கத் தின்றிருக்கும், அல்லது அளவு தெரியாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டிருப்பார்கள். கல்யாணத்தில் குதிரைக்கு ஊறவைத்த கடலைப்பருப்பு ஊட்டும் சடங்கு உண்டு. ஒரு கைப்பிடியில் ஒன்றும் ஆகாது. அதோடு ஆளாளுக்கு லட்டு, ஜிலேபி என்று நீட்டும்போது கடிவாளத்தைப் பிடித்திருப்பவர்தான் மறிக்க வேண்டும்.

வயதான குதிரைக்குக் காரணம் வெளியே தெரியாமல் லாமினைட்டிஸ் திரும்பத் திரும்ப வந்தால் அதன் முடியைப் பாருங்கள். சென்னை வெயிலிலும் நீளமாக, அலையலையாக, உதிராமல் இருக்கிறதா? முதுகுச் சதை கரைந்து வயிறு தொங்குகிறதா? தண்ணீர் அதிகம் குடிக்கிறதா? மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு இது. குஷிங் என்று டாக்டர் சொல்லுவார். ரத்தப் பரிசோதனையில் தெரியும். பெர்கோலைட் மாத்திரையை ஆயுள் முழுக்கக் கொடுத்துக் கட்டுக்குள் வைக்கலாம். இதைக் கண்டுபிடிக்காமல் வலி மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த முறை எலும்பு திரும்பிய பிறகுதான் தெரியவரும்.

நேற்று நன்றாக இருந்தது, இன்று ஒரு கால் தரையில் படவில்லை

எலும்பு முறிவோ என்று வயிறு கலங்கும். முறிவாகவும் இருக்கலாம், ஆகவே வலுக்கட்டாயமாக ஊன்றவைக்காதீர்கள். ஆனால் அந்த ஒரு குளம்பு மட்டும் சூடாக இருந்து, அந்த ஒரு காலில் மட்டும் நாடி துள்ளினால் பெரும்பாலும் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் தெருத்தண்ணீரில் நின்று குளம்பு ஊறிவிடும். தண்ணீர் வடிந்தபின் ரோட்டில் ஆணியும் தகரத் துண்டும் கிடக்கும். வேறென்ன வேண்டும்?

டாக்டரோ நல்ல லாடக்காரரோ அடியில் சிறிதாகத் திறந்துவிட்டால் கறுப்புத் தண்ணீர் போல வழிந்து அன்றே பாதி வலி போய்விடும். கத்தியை எடுத்து நீங்களே தோண்டாதீர்கள். திறந்த பின் எப்சம் உப்பு கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் வைத்து, பஞ்சு வைத்து, குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரை மாட்டி, அதன்மேல் அகலமான டேப்பைச் சுற்றுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதைவிட நன்றாகக் குளம்பில் நிற்கும் கட்டு எனக்குத் தெரியாது. ஆணி குத்தியே இருந்தால் அதைப் பிடுங்குவதற்கு முன் எந்த இடம், எந்தச் சாய்வு என்று போட்டோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கு அதுதான் முதல் கேள்வி. டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்பது இரண்டாவது.

இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால்

இதைத்தான் எங்கள் பக்கத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை என்று எனக்கு ஆதங்கம். நொண்டல் ஒரு காலில் நிற்காமல் இடம் மாறும். நடை சுருங்கும், மென்று தின்பது மெதுவாகும், தாடை எலும்போ மூக்கின் இரண்டு பக்க எலும்போ லேசாகப் புடைத்தது போலத் தோன்றும். மூட்டுவாதம் என்று ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள். காரணம் தீவனத் தொட்டியில் இருக்கும்.

தவிட்டில் கால்சியத்தைப் போலப் பல மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. குதிரைக்குத் தேவை நேர்மாறு: பாஸ்பரஸைவிடக் கால்சியம் குறையவே கூடாது, இரண்டு பங்கு இருந்தால் உத்தமம். அதோடு மாட்டுக்காக வளர்க்கும் கோ-4 நேப்பியர் புல்லைக் கட்டுக் கட்டாகப் போடுகிறோம். அந்தப் புல்லில் ஆக்ஸலேட் என்ற பொருள் இருக்கிறது, இருக்கிற கால்சியத்தையும் அது பிடித்துக்கொண்டு குடலிலேயே உட்கார்ந்துவிடும். மாட்டின் முன்வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சமாளித்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. ரத்தத்துக்குக் கால்சியம் வேண்டுமே, எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். எலும்பு இளகும், தசைநார் பிடித்திருக்கும் இடமெல்லாம் வலிக்கும். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் குதிரைக்கும் இது வரும் என்பதால்தான் ஏமாந்துவிடுகிறோம்.

தவிட்டைப் பாதிக்கு மேல் குறையுங்கள். புல்லைக் கலந்து போடுங்கள். குதிரை மசால் கிடைத்தால் தினம் ஒரு கட்டு, அதில் கால்சியம் நிறைய. தாது உப்புக் கலவையை மாட்டுக்கு வாங்கியதில் ஒரு கை அள்ளிப் போடாதீர்கள். மாட்டுத் தீவனத்தில் கலக்கும் மொனென்சின் போன்ற சில மருந்துகள் குதிரையைக் கொன்றே விடும். என்ன சுண்ணாம்புச் சத்து, எத்தனை கிராம் என்பதைத் தீவனப் பட்டியலைக் காட்டி டாக்டரிடம் வாங்குங்கள். எலும்பு தேற மாதங்கள் ஆகும், அதுவரை பாரம் இழுக்க வைக்கக் கூடாது.

வேலை முடிந்து வந்ததும் பின்பக்கம் கல்லாகிவிட்டது

ஒரு வாரம் கட்டிப்போட்டு முழுத் தீவனம் கொடுத்துவிட்டு, முகூர்த்த நாளில் மூன்று மணி நேரம் நிறுத்தி நடத்தினால் இது வரும். பிட்டத்துச் சதை கையால் தொட்டால் பலகை போல் இருக்கும், வேர்த்துக் கொட்டும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். மூட்டுப் பிடிப்பு என்று நினைத்து நடத்தினால் தசை இன்னும் கிழியும். இருந்த இடத்தில் நிழல், தண்ணீர், டாக்டர். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும் இந்த நேரத்தில் நீங்களாக வலி ஊசி போட்டால் சிறுநீரகம் போய்விடும்.

உடம்பு முழுக்க விறைப்பு, கண்ணில் தோல் ஏறுகிறது

காது நட்டுக்கொண்டு, வால் சற்றுத் தூக்கி, நாலு காலும் பரப்பி மரக்குதிரை போல நிற்கும். தலையருகே கையைத் தட்டினால் கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைத் தோல் சட்டென்று மூடும். ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விட்டு உடனே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். முற்றினால் பிழைப்பது கடினம். தடுப்பூசி விலையோ சொற்பம்: முதலில் 4 முதல் 6 வார இடைவெளியில் 2, பிறகு ஆண்டுக்கு ஒன்று.

காய்ச்சல் வந்து வந்து போய், உடம்பு இளைத்து, கால் வீங்கி, பின்பக்கம் தள்ளாடினால் ஈ கடித்துப் பரவும் சர்ரா நோய்க்கு ரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். காலில் கயிறு போல முடிச்சு முடிச்சாக வீங்கிச் சீழ் வைத்தாலோ, மூக்கில் கெட்டியாகச் சளி ஒழுகினாலோ கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அது கிளாண்டர்ஸாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்.

படுப்பதே இல்லை, முன்கணுவில் சிராய்ப்பு

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தினம் அரை மணியாவது அது தேவை. எழுந்திருக்கும்போது வலிக்கும் என்று பயந்து படுக்காமலே இருக்கும் கிழக் குதிரை, நாளாக ஆக நின்றபடியே கண்செருகி, முன்னங்கால் மடங்கி, திடுக்கிட்டு எழும். முன்கணுவின் முன்பக்கத்தில் முடி போய்ப் பொருக்குத் தட்டியிருந்தால் இரவில் அப்படி விழுகிறது என்று அர்த்தம். உடம்பில் ஒரு பக்கமும் வைக்கோல் ஒட்டவில்லை, சாணிக் கறை இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சுத்தமான குதிரை என்று பெருமைப்பட வேண்டாம்.

கட்டும் கயிற்றின் நீளத்தை முதலில் பாருங்கள், தலையைத் தரையில் வைக்க எட்டுகிறதா? படுத்து எழ, அதன் உடம்பு நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலமாவது வேண்டும். எழும்போது முன்னங்கால் இரண்டையும் நீட்டி, தலையை வீசி, பின்பக்கத்தை உந்தித் தூக்கும். அந்த உந்தலுக்குப் பிடிமானம் இல்லாமல் சிமென்டில் வழுக்கினால் அடுத்த முறை படுக்காது. ஒரு மூலையிலாவது கனமான மெத்தை போட்டு, அங்கே கட்டாமல் விட்டுப் பாருங்கள். அப்படியும் படுக்கவில்லை என்றால் வலி மருந்து வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

வலி மருந்தை எப்படிக் கொடுப்பது

எடை தெரியாமல் மருந்து இல்லை. தையல்காரர் டேப்பை எடுத்து, முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சைச் சுற்றி அளந்து அதை அதாலேயே பெருக்குங்கள். நெஞ்சு முனையிலிருந்து பிட்ட முனை வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும், அளவெல்லாம் சென்டிமீட்டரில். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் சுமார் 300 கிலோ. இப்போது பாருங்கள்: ஃபினைல்பூட்டாசோன் என்ற வலி மருந்தின் 1 கிராம் பொட்டலம் 450 கிலோ பந்தயக் குதிரைக்குக் கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் ஆகிறது. அதே பொட்டலம் நம் 300 கிலோ குதிரைக்கு 3.3, அதாவது ஒன்றரை மடங்கு. இப்படி மாசக்கணக்கில் கொடுத்தால் வயிற்றில் புண், பெருங்குடலில் புண், சிறுநீரகக் கேடு என்று வரிசையாக வரும்.

எந்த மருந்து என்பதை டாக்டர்தான் தேர்வு செய்ய வேண்டும். மெலாக்ஸிகாம், ஃபுளூனிக்ஸின், ஃபிரோகாக்ஸிப் என்று பல உண்டு. இரண்டைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. நேற்று ஒருவர் மாத்திரை கொடுத்தார், இன்று இன்னொருவர் ஊசி போட்டார் என்பதில்தான் பெரும்பாலான விபத்து. சுவரில் ஒரு காலண்டரை மாட்டி, என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று எழுதிவிடுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் ஆம்பூலை வாங்கிப் போடுவது எங்கள் பக்கத்தில் சர்வசாதாரணம். கால்நடைக்கு அது 2006 முதல் இந்தியாவில் தடை. கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் 2023இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. மருந்து ஏறிய பிணத்தைத் தின்னும் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன.

நீண்டநாள் மருந்தில் டாக்டர்கள் செய்யும் முறை: முதலில் சில நாள் முழு அளவு, அப்புறம் குறைத்துக் குறைத்து, குதிரை வசதியாக இருக்கும் ஆகக் குறைந்த அளவில் நிறுத்துவது. தீவனத்தோடு கொடுங்கள், தண்ணீர்த் தொட்டி காலியாகக் கூடாது. தீனி குறைதல், பல்லை நறநறவென்று கடித்தல், வாயில் புண், இளகிய சாணி, வயிற்றுக்கு அடியில் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டுப் போன் பண்ணுங்கள். ஒரு மூட்டு மட்டும் தொல்லை தந்தால் அதற்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடும் வழியும் உண்டு. குஷிங் இருக்கும் குதிரைக்கு அந்த ஸ்டீராய்டு லாமினைட்டிஸைக் கிளப்பலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருந்து சாப்பிட்டு நிம்மதியாக நிற்கும் குதிரை வேலைக்குத் தயாரான குதிரை ஆகாது. வயதாலோ நோயாலோ தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றமும்கூட. சாரட்டை விட்டுவிட்டு, போட்டோவுக்கு நிற்பது, சிறு பிள்ளையை ஏற்றி நாலு அடி நடப்பது என்று வேலையை மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். வருமானம் குறையும், உண்மை. அதையும் கணக்கில் வைத்துத்தான் வயதான குதிரையை வாங்க வேண்டும்.

எல்லாம் செய்தும் குறையவில்லை

1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில், நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் "வயசு" என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே போகும்போது காலை வீடியோ, காய்ச்சல், நாடிக் குறிப்பு, மருந்துக் காலண்டர், தீவனப் பட்டியல் எல்லாம் கையில் இருக்கட்டும். வண்டியில் ஏற்றும்போது சாய்வுப் பலகையில் கோணி விரித்து மண் தூவுங்கள். பிடிப்புள்ள குதிரை ஏறும்போது தயங்கும், அடிக்காமல் நேரம் கொடுங்கள்.

முகத்தையும் படிக்கப் பழகுங்கள். காது பின்னால் விறைத்து, கண்ணுக்கு மேல் தோல் இறுகி, தாடைச் சதை புடைத்து, மூக்குத் துவாரம் கோணி நின்றால் நொண்டல் தெரியாவிட்டாலும் வலி இருக்கிறது. உச்ச அளவு மருந்திலும் முகம் இப்படியே இருக்கிறது, படுக்க முடியவில்லை, படுத்தால் நாலு பேர் தூக்க வேண்டியிருக்கிறது என்றால் கருணைக் கொலையைப் பற்றி டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பகலில், நிதானமாக இருக்கும்போது கேளுங்கள். நடுராத்திரியில் சந்துக்குள் விழுந்துகிடக்கும்போது கேட்டால் யாருக்கும் யோசிக்க முடியாது. முடிவாகிவிட்டால் 300 கிலோ உடலை எப்படி எடுப்பது என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். லாயம் உள்சந்தில் இருந்தால், வண்டி வந்து நிற்கும் அகலமுள்ள இடத்துக்கு அது தன் காலில் நடக்க முடிகிற நாளிலேயே கூட்டிப்போய்விட வேண்டும். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவைத்தால் அன்றைக்கு அலைய வேண்டியிருக்காது.